பேரனுக்கு எஞ்சிய இசை

இறந்தோரை நினைந்து ஓதப்படும் ஒரு மன்றாட்டில் இறப்பு என்னும் சொல்லே இல்லை என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். யூதர்களின் 'கதீஷ்' அத்தகையது. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அது, இறைவனைப் போற்றி, அமைதி வேண்டி முடிகிறது. மாண்டவரின் பெயர்கூட அதில் வருவதில்லை. நம் இலக்கணத்தார் கையறுநிலை என வகுத்த துறை இறந்தவரின் சிறப்பைச் சொல்லி இரங்கும். கதீஷோ துயருற்றவனைப் பலர் நடுவே எழுந்து நிற்கச் செய்கிறது. மரபுப்படி பத்து ஆடவர் கூடினாலன்றி அதனை ஓதுதல் இயலாது. ஓதுபவனுக்கு 'ஆமென்' என மறுமொழி கூறுவது சபையின் கடமை.

இம்மரபில் பேரப்பிள்ளையின் இடம் யாது? தந்தை, தாய், மகன், மகள், சகோதரன், சகோதரி, வாழ்க்கைத்துணை ஆகிய எழுவருக்கே துக்கம் காக்க வேண்டுமென யூத நெறி விதிக்கிறது. தாத்தாவும் பாட்டியும் அந்த எழுவருள் இல்லை. பெற்றோரை இழந்த மகன் 11 மாதம் கதீஷ் ஓதுகிறான். 12 மாதம் இசையரங்குகளை விலக்குகிறான். பேரனுக்கு அக்கடமையும் இல்லை, அத்தடையும் இல்லை. தந்தை இசையைத் துறந்திருக்கும் அதே ஆண்டில் பேரன் இசை கேட்கலாம். நெறி விட்ட இடைவெளியில்தான் இசை நுழைகிறது.

எந்த இசை என்பதே வினா. மாக்ஸ் புரூக் செல்லோவுக்கு எழுதி 1881இல் வெளியான 'கோல் நித்ரே'யை இரங்கலிசையாகவே பலர் கேட்கின்றனர். ஆனால் அதன் மூலமெட்டு பாவமன்னிப்பு நாளின் முன்மாலைக்கு உரியது. அச்சொற்களோ நேர்ந்த வாக்குறுதிகளிலிருந்து விடுதலை கோருபவை. புரூக்கும் யூதர் அல்லர். கேட்போரின் துயரமே அதனை இரங்கலாக்கியது எனலாம். லெனார்டு பெர்ன்ஸ்டைனின் 'கதீஷ்' சிம்பொனி 1963இல் டெல் அவீவில் அரங்கேறியது. குழுவினர் பாட, கதை சொல்லி ஒருவர் இறைவனோடு வழக்காடும் அப்பேரரங்கில் வீட்டுத் துயரத்திற்கு இடம் குறைவு.

மோரீஸ் ராவெல் 1914இல் இயற்றிய 'இரண்டு எபிரேயப் பாடல்கள்' என்பதில் முதலாவதாகிய கதீஷே இவற்றுள் சிறந்ததென்பது என் கருத்து. ஒரே குரல், அடக்கமான பியானோ. சபையின் மறுமொழிக்கு அங்கே இடமில்லை. வழிபாடாக நோக்கின் இது குறையே. ஆயினும் பத்துப் பேர் கூடாத ஊர்களில் வாழ நேர்ந்த குடும்பத்தின் பேரனுக்கு இக்குறையே பொருத்தமாகிறது. மறுமொழி கூறும் பொறுப்பு கேட்பவனிடமே வந்து சேர்கிறது.

எனினும் இசையால் ஆகாத ஒன்று உண்டு. 'எல் மாலே ரஹமீம்' என்னும் ஆன்ம அமைதி வேண்டுதலில் இறந்தவரின் பெயரைச் சொல்லியே பாடுவர். இசைத்தட்டுக்கு நம் பாட்டியின் பெயர் தெரியாது. அதனைச் சொல்ல வேண்டியவர் பேரப்பிள்ளைகளே.