ஏடு பேசுமா?

சவ்வாது மலையில், சாமை விளையும் சரிவுகளைத் தாண்டி, காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று உண்டு. 1968இல் சிறு கருவியொன்றோடு தொடங்கி, 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியைப் பெற்று, வைணு பாப்பு எனும் அறிஞரின் பெயர் தாங்கி நிற்கும் நிலையம் அது. நம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். 1972இல் அங்கு நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்திடக் கண்டது. அத்துணைக்கோளைச் சுற்றி மெல்லிய காற்றுப்படலம் உண்டென்பதற்கு அதனால் சான்று கிடைத்தது. அந்தக் கானிமீடைத் தம் சிறு குழல்வழி நோக்கி உலகுக்கு அறிவித்தவர் கலிலியோ, ஆண்டு 1610. இத்தாலியில் தொடங்கிய அந்தப் பார்வை நம் மலையுச்சி வரை வந்து சேர்ந்த கதையைச் சொன்னோம். பிள்ளைகள் கண்கொட்டாது கேட்டனர்.

மறுநாள், ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவன் சிற்றேடொன்றை நம் மேசைமீது வைத்தான். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் விலையின்றி வழங்கப்பட்டதாம். வெளியிட்டோர் பெயர் நமக்கு வேண்டாம், கருத்துதான் வேண்டும். கிறித்தவனுக்கு இறுதி அதிகாரம் விவிலியம் ஒன்றே. அறிவியலோ, அரசோ, ஆசிரியரோ அதனோடு முரண்பட்டால் முரண்பட்டவரே பணிந்திட வேண்டும். பொருள் சொல்ல எவரும் தேவையில்லை, ஏடே பேசும். அச்சிற்றேட்டின் சாரம் இவ்வளவே.

"ஐயா, யோசுவா நிற்கச் சொன்னதும் சூரியன் நின்றது என்று வேதத்தில் இருக்கிறது. நேற்று அங்கே, பூமிதான் சுற்றுகிறது என்றார்கள். அப்பாவிடம் எதைச் சொல்வது?" என்று கேட்டான்.

தேர்விலே எதை எழுதுவது என்று கேட்டிருந்தால் விடை எளிது. தந்தையிடம் எதைச் சொல்வது என்றல்லவா கேட்டுவிட்டான்! ஆகவேதான் இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். ஏடே அதிகாரம் என்ற கோட்பாடு பிறந்த நாளில் அது அடிமைத்தளை அன்று, தளையறுத்த வாள். கத்தோலிக்கர் ஏட்டோடு திருச்சபையின் மரபையும் சேர்த்து வைப்பவர். லூத்தரும் அவர்வழி வந்த சீர்திருத்த சபையாருமே ஏட்டுக்கு மேலே எவரும் இல்லை என்றனர். போப்பாண்டவராயினும் சரி, பேரரசனாயினும் சரி, ஏட்டின்முன் எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டும் என்றபோது, உழவனும் தறிநெய்வோனும் அந்த ஏட்டைத் தன் தாய்மொழியிலே கேட்டான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715இல் அச்சிட்டு முடித்தார். வேதம் ஓதக் கேட்ட சூத்திரன் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சட்டம் எழுதிய நாட்டில், மறை என்றாலே மறைத்து வைக்கத்தக்கது என்று பொருள் கொண்டிருந்த நாட்டில், வேதத்தை அச்சடித்து இந்தா படி என்று கையிலே தந்தது சிறு செயலா? அதன் பெருமையை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று.

ஆனால், படி என்று சொன்ன பிறகு, படித்தவன் வாயை மூடு என்று சொல்லலாமோ? சிற்றேடு அதைத்தான் செய்கிறது. லூத்தரைத் தன் தலைவராகக் காட்டும் அச்சிற்றேடு, 1521இல் வோர்ம்சு மன்றத்தில் அவர் உரைத்ததைப் பாதியோடு நிறுத்திவிட்டது. வேதச் சான்றாலோ தெளிந்த காரணத்தாலோ தம்மை மறுத்தாலன்றித் தம் நூல்களைத் திரும்பப்பெற இயலாது என்றார் அவர். மனச்சான்றுக்கு மாறாக நடத்தல் தகாது என்றும் சேர்த்தார். ஏட்டின் பக்கத்திலேயே அறிவுக்கும் ஓர் இருக்கை போட்டார்! அதுமட்டுமா? 1522இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டவரும் அவரே. ஏட்டுக்குள்ளேயே நெல்லையும் வைக்கோலையும் அவர் பிரித்தார் எனில், பிரித்த முறம் எது? எந்த நூல்கள் ஏட்டைச் சேர்ந்தவை என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. சீர்திருத்த சபையார்க்கு 66, கத்தோலிக்கர்க்கு 73.

தமிழிலே வந்த ஏட்டைப் பாருங்கள். அதன் தலையாய சொல்லே மூன்று முறை மாறிற்று. சீகன்பால்க் சர்வேசுரன் என்றார். பப்ரிசியசு பராபரன் என்றார். பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்கிறது. மாற்றியவர்களைக் குறைகூறவில்லை, மொழி மாறும்போது மொழிபெயர்ப்பு மாறத்தானே வேண்டும்? ஆயினும், எழுத்துக்கு எழுத்து இறுதியென்று சொல்வோரைக் கேட்போம்: எந்தப் பதிப்பின் எழுத்து?

இக்கேள்வி நம் கற்பனை அன்று. தஞ்சையிலே ஒருவர் உண்மையாகவே கேட்டார். சுவார்ச் ஐயரிடம் வளர்ந்து, சரபோசி மன்னர் அவையிலே புகழ்பெற்ற வேதநாயக சாத்திரியார், 1829இல் புதிய மிசனரிகள்மீது குற்றச்சாட்டுகளை அடுக்கினார். பப்ரிசியசின் மொழிபெயர்ப்பிலே ஊறியவர் அவர். இரேனியசு அதைத் திருத்த முற்பட்டபோது, வேதத்தையே கெடுக்கிறார்களே என்று துடித்தார். அதே மூச்சில் அவர் முறையிட்ட இன்னொன்று, கோயிலுக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது! வேளாளக் கிறித்தவர் தனியே அமர்ந்ததும், அப்பமும் இரசமும் முதலில் பெற்றதும் நாட்டு வழக்கம், மானத்தைச் சார்ந்தது, வேதத்துக்கு மாறானதன்று என்பது அவர் தரப்பின் வாதம்.

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் ஆணை பிறப்பித்தார். சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிடப்பட வேண்டும் என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினர். சாதியை விடமாட்டோம், சபையை விடுவோம் என்றனர்! சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கு வேறொரு வாயில் திறந்தது. 1840இல் தமிழகம் வந்த செருமானிய லைப்சிக் மிசன், சாதி சமுதாய ஏற்பாடு, மெல்ல மெல்ல மறையட்டும் என்று பொறுத்துப்போகும் போக்குடையது. 1850இல் சென்னையில் மிசனரிகள் மாநாடு கூடிச் சாதியைக் கண்டித்தபோது, லைப்சிக் மிசன் மட்டும் உடன்படவில்லை.

இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். வில்சன் கையிலே இருந்ததும் அதே ஏடு. சாத்திரியார் கையிலே இருந்ததும் அதே ஏடு. ஏடு ஒன்றே இறுதி என்பதில் எவருக்கும் இளைக்காத லூத்தர்வழிச் சபையினர் கையிலும் அதே ஏடு. யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் உரியவனென்றும் வேற்றுமை இல்லை என்று பவுல் கலாத்தியர்க்கு எழுதிய நிருபம் மூவர் ஏட்டிலும் இருந்தது. ஏடு எழுந்து நின்று, "சேரியிலிருந்து வந்தவன் பின்வரிசையில் அமரலாகாது" என்று ஒருநாளும் முழங்கவில்லை. முழங்கியவர் மனிதர், தடுத்தவரும் மனிதர். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, பிணத்துக்கும் சாதி பார்த்து எழுப்பிய சுவர் நின்றதை நாடறியும். அந்தச் சுவரின் இருபுறமும் சிலுவைகள்தாம்!

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கதை இன்னும் சுவையானது. பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர். அதனால் அந்த ஏட்டை நன்கு கற்றவர். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி, சாலமோன் கோயிலின் வழிபாட்டு முறைகளைக் காட்டி, எங்கள் கோயில் சடங்குகளை மட்டும் ஏன் பழிக்கிறீர் என்று பாதிரிமாரை மடக்கினார். நாவலரின் சைவத்தோடும், அவர் கட்டிக்காத்த வருணப் பற்றோடும் நமக்கு உறவில்லை. படிக்கத் தெரிந்த எவன் கையிலும் ஏடு அவன் பக்கம் பேசக்கூடும் என்பதற்கே அவரை அழைத்தோம்.

இனிக் கலிலியோவுக்கு வருவோம். கோபர்நிக்கசு கொள்கை வேதத்துக்கு முரணென்று 1616இல் தீர்ப்புரைத்தனர். 1633இல் முதியவர் கலிலியோவை மண்டியிடச் செய்து மறுப்புரை சொல்ல வைத்தனர். 1642இல் வீட்டுக்காவலிலேயே மாண்டார். இதற்கு எடுத்துக்காட்டப்பட்ட பகுதிகளுள் ஒன்று, நம் மாணவன் கேட்ட அதே யோசுவா பகுதி. இது உரோமாபுரியின் குற்றம், எங்களுடையதன்று என்று சீர்திருத்த சபையார் நழுவவும் இயலாது. கோபர்நிக்கசு நூல் அச்சேறுமுன்பே, அதே யோசுவாவைக் காட்டி லூத்தர் அக்கொள்கையை எள்ளியதாக அவருடைய உணவுமேசை உரைகள் கூறுகின்றன. போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கலிலியோவைத் தீர்த்தோர் தவறிழைத்தனர் என்று 1992இல் ஒப்புக்கொண்டார். 359 ஆண்டுகள்! அதற்கிடையே யோசுவா நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிப்போர் மாறினர்.

சிற்றேட்டார் ஒரு விடை வைத்திருப்பர். தவறு படித்தவருடையது, ஏட்டினுடையது அன்று என்பர். சரி, அவ்வாறே ஆகட்டும். இன்னது தவறான படிப்பு, இன்னது சரியான படிப்பு என்று எதைக்கொண்டு அறிந்தீர்? காவலூரில் இருப்பது போன்ற கண்ணாடியைக்கொண்டு ஒன்றை அறிந்தீர். பின்வரிசையில் குந்தியிருந்தவனின் கண்ணீரைக்கொண்டு மற்றொன்றை அறிந்தீர். அறிந்தபின் ஏட்டைத் திறந்து, ஆம், இங்கே முன்பே இருக்கிறது என்றீர். தீர்ப்பெழுதிய மேசையில் ஏட்டோடு அறிவும் இரக்கமும் அமர்ந்திருந்தன அன்றோ? அவற்றின் கையொப்பத்தை மட்டும் ஏன் அழிக்கிறீர்?

இவ்வளவையும் எழுதிவைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை அம்மாணவன் வீட்டுக்குச் சென்றோம். சாமை குற்றிய உமி முற்றத்திலே கிடந்தது. தந்தை பழைய வேதாகமத்தைத் துணியிலிருந்து பிரித்தெடுத்தார். "பள்ளிக்கூடம் போகாதவன் நான். இந்த ஏட்டிலேதான் வாத்தியாரே, எழுத்துக் கூட்டக் கற்றேன்" என்றார். எழுதிக் கொண்டுபோன வாதங்களில் பாதி நம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

மகனுக்கு அவன் மாமன் தந்த திருவிவிலியமும் அவ்வீட்டில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து யோசுவாவின் பத்தாம் அதிகாரத்தைத் தந்தையும் மகனுமாகப் படித்தனர். தந்தையின் ஏட்டிலே சூரியன். மகனின் ஏட்டிலே கதிரவன். தந்தை விரலை அவ்விடத்திலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "வேதம் பொய் சொல்லாது வாத்தியாரே" என்றார். நாம் மறுக்கவில்லை.

புறப்பட்டு வாயிலைக் கடந்தபோது பின்னால் வந்து கேட்டார்: "அந்தக் காவலூர்க் கண்ணாடியிலே பெரியவர்களையும் பார்க்க விடுவார்களா?"