பின்னணி என்பது ஊர்ப் பட்டியல் அல்ல: ‘பொன்னியின் செல்வன்’ வழியே ஒரு பயணம்

“டீச்சர், பொன்னியின் செல்வன்ல வர்ற அரண்மனை இப்ப எங்க இருக்கு? போய்ப் பாக்கலாமா?” கிள்ளானில் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ்நாடு என்பது முதலில் ஒரு புத்தகம்தான், பிறகுதான் ஊர். எனக்கும் அப்படியே. கல்கியைப் படித்துப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சோழநாட்டுக்குப் போனேன். அந்தப் பயணம் நாவலைப் பற்றிய என் கருத்தையே மாற்றியது.

தஞ்சாவூரில் இறங்கியதும் கண்ணில் படுவது பெரிய கோயில். ஆனால் நாவலில் அந்தக் கோயில் இல்லை, இருக்கவும் முடியாது. அது நிறைவுற்றது 1010இல். கதை நடப்பது அதற்குச் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன். இன்று நாம் காணும் தஞ்சை அரண்மனையும் நாயக்கரும் மராட்டியரும் கட்டியது. குந்தவை வாழ்ந்த பழையாறைக்குப் போனால், மாளிகை ஒன்றும் இல்லை. பக்கத்தில் ‘சோழன்மாளிகை’ என்று ஓர் ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

இது நமக்குப் புதிதா? 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டி வந்தது. அதற்குச் செங்கல் கொடுத்த சூளைகள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தன. சூளை போய்விட்டது, பெயர் நிற்கிறது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி; பெயர் அதேதான். இதைச் சொன்னதும் அந்த மாணவிக்குச் ‘சோழன்மாளிகை’ சட்டென்று புரிந்துவிட்டது.

அப்படியென்றால் நாவலில் வரும் எது இன்னும் மிச்சம் இருக்கிறது? தண்ணீர். கதை ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். வடவாற்றில் புதுவெள்ளம் ஓடிவந்து ஏரியில் கலக்கிறது. அந்த ஏரி இன்று வீராணம். வடவாறு இன்றும் அதற்கு நீர் தருகிறது. அரண்மனையை விட்டுவிட்டு ஏரியில் கதையைத் தொடங்கியதுதான் கல்கியின் கெட்டிக்காரத்தனம். அழியாத ஒன்றில் கதையை ஊன்றியதால், 1950களில் வாரந்தோறும் படித்தவர்களும் இன்று படிப்பவர்களும் ‘இது நம்ம ஏரி’ என்று உள்ளே நுழைய முடிகிறது.  நாட்டின் செழிப்பையும் அந்தப் புதுவெள்ளமே சொல்லிவிடுகிறது.

ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அருள்மொழிவர்மன் நோயுற்று இருக்கும் இடம் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம். அதைக் கட்டுவித்தவன் கடாரத்து அரசன், அதாவது நம் கெடாவோடு தொடர்புடையவன். இராஜராஜன் ஆட்சிக் காலத்தில் அது கட்டப்பட்டதாக ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. கல்கியோ அவன் பட்டம் ஏறும் முன்பே அதைக் காட்டிவிடுகிறார். இது புனைவுக்கு உள்ள உரிமை. இதை நான் குறை என்று சொல்லவில்லை.

என் குறை வேறு. அதே நாகப்பட்டினத் துறையிலிருந்துதான் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நம் தாத்தா பாட்டிகளில் பலர் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தார்கள். காவிரிக் கரை வயல்களில் நாற்று நட்ட குடும்பங்கள் அவை. நாவலில் வயல் பச்சைப் பசேல் என்று வருகிறது. நட்டவருக்குக் கூலி என்ன என்பது வருவதில்லை. படகோட்டும் பூங்குழலி போன்ற சிலரைத் தவிர, உழைப்பவர்கள் கதையின் ஓரத்திலேயே நிற்கிறார்கள். நாகப்பட்டினம் கடற்கரையில் நின்றபோது எனக்கு இளவரசன் நினைவு வரவில்லை. பெட்டியோடு கப்பல் ஏறிய என் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

இதிலிருந்து தேர்வு மாணவர்களுக்கு ஒன்று. ‘இடப்பின்னணியை விளக்குக’ என்றால் பலர் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. எந்த நாவலானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்த இடம் கதையில் என்ன வேலை செய்கிறது?
2. அந்த இடத்தில் யாரை ஆசிரியர் காட்டுகிறார், யாரைக் காட்டவில்லை?
3. அந்த இடத்தை மாற்றினால் கதை நிற்குமா?

வீராணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்: வந்தியத்தேவன் வருவான், ஆனால் சோழநாடு வராது.

ஆசிரியர்களே, இந்த மூன்று கேள்விகளையும் முதலில் மாணவரின் சொந்த ஊரை வைத்துக் கேட்டுப் பாருங்கள். தான் வாழும் தாமானுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வந்த பிள்ளைக்குப் பழையாறை தூரமில்லை.