காந்தாவிடம் யாரும் கேட்கவில்லை

'ரத்தக்கண்ணீர்' படத்தை நான் முழுசாக உட்கார்ந்து பார்த்தது போன வருஷம் ஒரு ராத்திரி, பயத்தில். அதுவரை அது எனக்குத் துண்டு துண்டான காமெடிதான். 'காந்தா' என்று இழுக்கும் எம்.ஆர்.ராதாவின் குரல், கல்லூரி விழாக்களில் மிமிக்ரி செய்கிறவர்கள் தவறாமல் எடுத்துவிடும் அயிட்டம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால், நண்பன் கல்யாணத்துக்குப் போன ஊரில், அறிமுகமாகி இரண்டே நாளான ஒரு பெண்ணோடு ஒரு இரவு இருந்தேன். ஆணுறை கிழிந்துவிட்டது. இரண்டு பேரும் கவனித்தோம், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்ப்பதும், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிக்கொண்டிருப்பதுமாகப் பொழுது போனது.

பயந்து கிடக்கிறவன் எதுக்குய்யா அந்தப் படத்தைப் போட்டான் என்று கேட்பீர்கள். ஆறுகிற புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது மாதிரி.

1954இல் வந்த படம். திருவாரூர் கே.தங்கராசு எழுத, ராதா மேடைமேடையாக நடித்துக்கொண்டிருந்த நாடகத்தைக் கிருஷ்ணன்-பஞ்சு படமாக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பணக்கார மோகன், கட்டிய மனைவி சந்திராவைத் திரும்பிப் பார்க்காமல் காந்தாவே கதி என்று கிடக்கிறான். சொத்து போகிறது. குஷ்டம் வருகிறது. காந்தா துரத்த, தெருவில் பிச்சையெடுக்கிறான்.

குஷ்டம் எப்படி வந்தது? இங்கேதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. தொழுநோய் பால்வினை நோயே இல்லை. நோய் முற்றிய, சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி இருந்தால், பெரும்பாலும் மூச்சுவழி தொற்றக்கூடிய ஒரு கிருமி அது. தாசி வீட்டு வாசற்படியில் காத்துக்கொண்டிருப்பதில்லை. படத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மேகநோய் என்றால் வேட்டிக்குள் மறைத்துவிடலாம், மேடையில் காட்டவும் முடியாது. குஷ்டம் முகத்தில் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும். அதனால் மருத்துவம் தோற்று, நாடகம் ஜெயித்தது.

இன்னொன்று. படம் ஓடிய காலத்தில் இரண்டு நோய்க்குமே மருந்து இருந்தது. மேகப்புண்ணைப் பெனிசிலின் குணமாக்கும் என்பது 1943இலேயே தெரிந்துவிட்டது. தொழுநோய்க்கு சல்ஃபோன் மருந்துகளை 1940களிலேயே கொடுத்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம்ம செங்கல்பட்டு மருத்துவமனை, ராபர்ட் காக்ரேன் என்கிற டாக்டரின் முயற்சியில். சென்னையிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். மோகனை யாரும் அங்கே கூட்டிப்போகவில்லை. படத்தில் குஷ்டம் ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா?

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் படத்தைத் தூக்கிப்போட முடியவில்லை என்பதுதான் சங்கடம். காரணம் ராதா. அழுகிப்போன பிறகும் அந்த ஆள் வாயை மூடுவதில்லை. பணக்கார மோகனின் நக்கல் வெறும் திமிர். பிச்சைக்கார மோகனின் நக்கலுக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் அது இன்னும் கூராகிறது, தன்னையும் சேர்த்தே கிழிக்கிறது. கதை அவனைத் தண்டித்து ஓரமாக உட்காரவைக்கப் பார்க்கிறது. குரல் எழுந்து நின்றுகொள்கிறது. நோயாளியை இந்த அளவுக்குப் பேசவிட்ட படம் தமிழில் குறைவு. கடைசியில் சந்திராவை நண்பன் பாலுவுக்கு மோகனே கட்டிவைப்பதும் 1954க்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கேயும் முடிவெடுப்பது ஆம்பளைதான். தன்னைச் சிலையாக வை, பார்க்கிறவன் திருந்தட்டும் என்று கேட்பதும் அவன்தான். அழுகினாலும் நடுவில் அவன்தான் நிற்க வேண்டும்.

நான் ஸ்கூல் படிக்கும்போது சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எழுதியிருக்கும். யாருடா புள்ளிராஜா என்று ஊரே கேட்டது. விளம்பரமாக அது பெரிய வெற்றி. எங்கள் வகுப்பில் ஒல்லியான ஒரு பையனுக்கு அதுவே பட்டப்பெயராகி, பத்தாவது முடியும்வரை ஒட்டிக்கொண்டது. இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியும் மோகனின் கேள்விதான். அவனுக்கு வருமா? அவனிடமிருந்து யாருக்காவது போகுமா என்று சுவர் கேட்கவில்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளில். அதில் அந்த இருவரின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாடு முதலில் தேடிப்போனது காந்தாவின் ரத்தத்தைத்தான். அந்த ரத்தத்தில் அதைக் கொண்டுவந்து விட்டது எந்த மோகன் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

19ஆவது நாள் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு தடவை நடந்துவிட்டு மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். ஆலோசகர் அக்காவுக்கு நாற்பது வயசிருக்கும். சிலை எதுவும் வைக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.

"மொத மூணு நாளுக்குள்ள, அதாவது 72 மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா, 28 நாள் சாப்பிடுற மாத்திரை தேவையான்னு டாக்டர் பார்த்திருப்பாரு. ஏன் தம்பி வரல?"

"பயமா இருந்துச்சுக்கா."

"பயந்தா தானே வரணும்?"

இன்றைக்கு எடுக்கிற டெஸ்டை மட்டும் நம்பிவிடக் கூடாது, மூன்று மாசம் முடிந்ததும் இன்னொன்று எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். மேகப்புண்ணுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார், இருந்தால் ஊசியிலேயே சரியாகும் என்றார். அதுவரை ஆணுறை இல்லாமல் யாரோடும் வேண்டாம், ரத்த தானமும் வேண்டாம். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களா? அவங்களும் டெஸ்ட் எடுக்கணும்ல."

எனக்கு முகம் சூடானது. ஊர் திரும்பிய ஐந்தாம் நாளே அவள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'ஹாய், ஒரு விஷயம் பேசணும்.' நான் திறக்கவே இல்லை, மேலே தெரிந்த ஒரு வரியோடு சரி. 19 நாளாக என் தலைக்குள் ஓடிய படத்தில் அவள்தான் காந்தா. கூகுளில் தேடிய எல்லாமே எனக்கு வருமா என்பதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேறு ஒருத்தியோடு இருந்ததும், அதற்குப் பிறகு நான் ஒரு டெஸ்டும் எடுக்காததும் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. நம்புங்கள், ஒரு தடவைகூட.

அன்றைய ரிசல்ட் நெகட்டிவ். மருத்துவமனை எதிரில் டீக்கடையில் நின்று மெசேஜைத் திறந்தேன். கீழே இன்னும் இரண்டு இருந்தன. அவள் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறாள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். 'நீயும் போய்ப் பாரு, மூணு நாளுக்குள்ள போனா நல்லதாம், எனக்கு லேட்டாதான் உன் நம்பர் கெடச்சுது' என்று எழுதியிருந்தாள். அடுத்ததில், 'நீ இதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்திருக்கியா? மறைக்காம சொல்லு.'

டீ ஆறிக்கொண்டிருந்தது. 'இல்ல' என்று டைப் செய்தேன்.