வேலிக்கு அப்பால் அக்கா, சுவருக்கு அப்பால் அண்ணன்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போனால் முதலில் வருவது மண்டைதீவு. நகரம் எட்டிப் பார்க்கும் தூரம்தான். ஆனாலும் குடியிருப்பு நகரத்துப் பாணியில் இல்லை. வளவின் நடுவே வீடு, பின்னால் கிணறு, சுற்றிவர வேலி, ஒழுங்கைப் பக்கம் படலை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் பழைய அமைப்பு இதுதான். மாறாக, சென்னைத் திருவல்லிக்கேணியின் பழைய தெருக்களில் வீடுகள் பக்கச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். தெருவோரம் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை.

ஊரில் நிலம் தாராளம், நகரில் நெருக்கடி என்று இதை விளக்கிவிடலாம். அது பாதி விடைதான். வீட்டை மகளுக்குக் கொடுத்தார்களா, மகனுக்குக் கொடுத்தார்களா என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுத்தில் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பது அதன் பழைய நெறி. நடைமுறையில் வீடும் வளவும் மகளின் பெயருக்கே எழுதப்பட்டன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். நாலு பெண்கள் என்றால் பெரிய வளவு நாலாகும். கிணறு ஒன்றுதான், காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படும். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை. ஒழுங்கையைப் பார்த்த பக்கம் இறுக்கமாக அடைக்கப்பட்டிருந்தாலும் இடைவேலியில் ஒரு பொட்டு இருக்கும். கறிச்சட்டியும் பிள்ளைகளும் அதனூடாகத்தான் போய்வரும். எல்லைச் சண்டையும் அதே வேலியில்தான் தொடங்கும்.

தமிழகத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போனாள். நகையும் பாத்திரமும் கூடப் போயின. வீடு ஆண்மக்களிடம் நின்றது. பாகப்பிரிவினை வந்தால் வீட்டையே நெடுக்காகக் கூறுபோட்டுக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்புவதுண்டு. திருவல்லிக்கேணியில் இதற்கு மேலும் ஒன்று சேர்ந்தது. அறை அறையாக வாடகைக்கு விட்டு, ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. அங்கே பக்கம் அடைபட்டிருந்தது. தெருவைப் பார்த்த திண்ணை திறந்திருந்தது.

இப்படிப் பங்கிட்ட சொத்துக்குள் அந்நியர் நுழைவதை இரண்டு இடத்துச் சட்டங்களும் கவனித்தன. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒரு வாரிசு தன் பங்கை விற்க முனைந்தால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை தருகிறது. தேசவழமையின் முன்வாங்கும் உரிமைக்கு இலங்கையில் 1947இல் தனிக் கட்டளைச் சட்டமே வந்தது. பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்காமல் பங்குக் காணியை வெளியாருக்கு விற்றால் வழக்குத்தான்.

வீடும் வளவும் கிடைத்ததால் யாழ்ப்பாணத்துப் பெண் சுதந்திரமாக இருந்தாள் என்று சொல்லிவிட முடியாது. காணி அவள் பெயரில். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் ஒப்பேறுவதும் கடினம். தமிழகமோ 1989இல் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனாலும் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் பெண்கள் இன்றும் உண்டு. ஓரிடத்தில் பெயர் உண்டு, கை கட்டப்பட்டிருக்கிறது. மற்ற இடத்தில் சட்டம் கை கொடுக்கிறது, உறவு அதைத் தட்டிவிடுகிறது.

இரண்டு குடியிருப்புகளும் இன்று குலைந்து கிடக்கின்றன. திருவல்லிக்கேணியில் பழைய வீடுகள் பலவும் இடிபட்டு அடுக்ககங்கள் ஆகின்றன. வாங்குபவருக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத மனைப் பங்கு. மண்டைதீவைக் குலைத்தது போர். 1990 ஓகஸ்டுப் படை நடவடிக்கையோடு மக்கள் சிதறினார்கள். திரும்பாதவர்களின் வளவுகளில் வேலியும் இல்லை, பொட்டும் இல்லை. உரித்தாளிகள் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதால் அற்றோணித் தத்துவம் இல்லாமல் எதுவும் நகராது.

யாருக்கு யார் அயல் என்பதைத் திருவல்லிக்கேணியில் இப்போது கட்டட முதலாளி முடிவுசெய்கிறார். மண்டைதீவில் அந்த முடிவு இன்னும் பெண்மக்களின் பெயரில் எழுதிய உறுதிகளுக்குள் இருக்கிறது. மீள்குடியேற்றம் பேசுகிறவர்கள் கல்லும் சீமெந்தும் கணக்கிடுமுன் அந்த உறுதிகளைத் தேடி எடுக்கட்டும்.