இரைச்சலைக் குறைத்தால் போதுமா?

ஆற்றுநீர் குளிக்கத் தகுந்ததாக இருக்க, லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. திற்பரப்பு அருவிக்குக் கீழே அதற்குப் பஞ்சமிருக்காது; பாறையில் மோதி நுரைக்கும் கோதையாறு வேண்டிய மட்டும் காற்றை வாங்கிக்கொள்ளும். அளந்து பார்க்க வேண்டியது மேலே, தடுப்பணையில் படகு ஓடும் தேக்கநீரைத்தான். அதற்குக் கருவி செய்ய உட்காருபவர் முதலில் கவலைப்படுவது ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலைப் பற்றி. அந்தக் கவலை பாதிதான் நியாயம்.

நியாயமான பாதி இது. லேலண்ட் கிளார்க் 1950களில் உருவாக்கிய வகை ஆக்சிஜன் புரோபில், அதன் முனையிலுள்ள சவ்வைத் தாண்டி வரும் ஆக்சிஜன் கேத்தோடில் வினைபுரிந்து மின்னோட்டமாகிறது. கேத்தோடு சிறிதானால் அந்த மின்னோட்டம் நானோ ஆம்பியர் கணக்கில்தான் கிடைக்கும். 100 நானோ ஆம்பியரை ஆம்ப்ளிஃபையரின் 10 மெகா ஓம் பின்னூட்ட மின்தடை 1 வோல்ட்டாக்கும். மின்தடையைக் கூட்டினால் சிக்னல் அதே விகிதத்தில் கூடும். வெப்ப இரைச்சலோ வர்க்கமூல அளவில்தான் கூடும். பெரிய மின்தடை போடும் வழக்கம் அதனால் சரியானதே. மின்தடைக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் சுமார் 300 மடங்கு அடங்கும். சவ்வே மெதுவாகத்தான் மாறும் என்பதால் இந்தத் தாமதத்தால் நட்டமில்லை.

அதன்பின் மிஞ்சும் மின்தடை இரைச்சல் அரை மைக்ரோ வோல்ட்டுக்கும் குறைவு; சிக்னலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் குறைக்கிறேன் என்று விலை கூடிய ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் சிப்) தேடுவது வீண்.

பிழை வேறு வழியாக வருகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். அருவிச் சாரல் வேறு. போர்டில் துடைக்காமல் விட்ட சாலிடரிங் ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுத்து, காப்புத்தடை 1 கிகா ஓமுக்கு இறங்கினால், புரோபுக்குக் கொடுக்கும் 0.7 வோல்ட் 0.7 நானோ ஆம்பியரைக் கசியவிடும். ஆயிரத்துக்கு ஏழு பங்கு பிழை! சவ்வு ஆக்சிஜனை உள்ளே விடும் அளவோ ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 3 சதவீதம் மாறும். எல்லாவற்றையும்விட மோசமானது, இந்தப் புரோப் தான் அளக்கும் ஆக்சிஜனைத் தானே தின்பது. ஓடாத நீரில் சவ்வருகே ஆக்சிஜன் தீர்ந்து, அளவு குறைவாகவே காட்டும். அளக்க வேண்டிய தேக்கநீரிலேயே கருவி பொய் சொல்லும், அதுவும் துளி இரைச்சலில்லாமல்.

ஆகவே பணத்தையும் உழைப்பையும் இந்த வரிசையில் செலவிடுங்கள்: நீரைக் கலக்க ஒரு சிறு மோட்டார், வெப்பத் திருத்தத்துக்கு ஒரு தெர்மிஸ்டர், கழுவிப் பூச்சிட்ட, கசிவைத் தடுக்கும் கார்டு ரிங் போட்ட போர்டு. ஆப்-ஆம்ப் கடைசியில் வரட்டும். 1888இல் வந்த விங்க்லர் டைட்ரேஷனோடு ஒத்துப்பார்க்காத எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.