வரப்போரக் கல்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏர் ஓட்டினால் கொழுவில் கல் இடறும். பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தக் கல்தான் அழகு. மெருகேற்றிய கிரானைட் பலகை அதன் பக்கத்தில் நிற்காது. வெயிலும் மழையும் முனையை மழுக்கியிருக்கும். நிழல்பக்கம் சாம்பல் பச்சையில் கல்பாசி படிந்திருக்கும். அதைத் தேய்த்துக் கழுவவே கூடாது.

வைப்பதில்தான் கைத்திறன். மண்மேல் சும்மா வைத்த கல் இறக்கிப்போட்ட மூட்டைபோலத் தெரியும். அகன்ற பக்கம் கீழே போக, மூன்றில் ஒரு பங்கைப் புதைத்துவிட்டால் அது அந்த இடத்துக் கல்லாகிவிடும். 11ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் தோட்டக்கலை நூலான 'சகுதெய்கி' கல் நடுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

கல்லடியில் ஈரம் சீக்கிரம் காயாது. மண்புழு அங்கே ஒதுங்கும். ஓரமாக ஒரு செடி நட்டால் வேர் அந்தக் குளிர்ச்சிக்குள் ஓடிவிடும்.