விசை நம் சொல் கேட்கும்

சென்னையிலிருந்து போனால் தாம்பரத்துக்கு முன்பே வரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் சி-டாக் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய இடம். லினக்ஸில் விசைகளை மாற்றிப் பழகுவதற்குப் பொருத்தமான ஊர்தான்.

லினக்ஸின் எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது சாதாரண உரைக்கோப்பில் எழுதியிருக்கும். இந்திய மொழிகள் எல்லாம் ஒரே கோப்பில். எக்ஸ்கேபி அமைப்புகளில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், யாருக்கும் பயன்படாத கேப்ஸ் லாக் மொழி மாற்றும் விசையாகிவிடும்.

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்னும் அழகு. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். 'அம்மா' வந்துவிடும், புள்ளி தானாக விழும். முந்தைய எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் இந்த வேலை எக்ஸ்கேபிக்கு வராது. அதற்கு ஐபஸ், எம்17என் போன்ற உள்ளீட்டு மென்பொருள்கள் வேண்டும்.

எக்ஸ்கேபி கோப்பில் கை வைக்குமுன் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மேம்படுத்தலில் உங்கள் திருத்தம் அழிந்துபோகலாம்.